சிலுவையைக் கேட்டேன், ஷேப்பர் கிடைத்தது

மாமா ஒரு பழைய லுங்கியில் எதையோ சுற்றி என் மேஜை மேல் வைத்தபோது, தோட்டத்துத் தேங்காய் கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு இரும்புப் பெட்டி. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் நல்ல கனம். ஒரு பக்கம் ஷாஃப்ட், அதாவது சுழல் தண்டு, நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையால் திருப்பினால் மறுபக்கத்தில் பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று சுற்றியது. சுற்றியது என்றா சொன்னேன், இல்லை. சடக்கென்று கால் சுற்று சுற்றி நின்றுவிட்டது. நான் திருப்பிக்கொண்டே இருக்கிறேன், அது அசையாமல் நிற்கிறது. இன்னும் திருப்ப, மறுபடி சடக், இன்னொரு கால் சுற்று.

"படம் ஓட்டினதே இதுதான் மாப்ளே" என்றார்.

மாமா உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் முதலில் டூரிங் டாக்கீஸிலும் அப்புறம் ஒரு தியேட்டரிலும் ஆபரேட்டராக இருந்தவர். கார்பன் குச்சி எரித்துப் படம் காட்டிய காலத்து ஆள். டிஜிட்டல் வந்து தியேட்டர்காரர்கள் புரொஜெக்டரைக் காயலான் கடைக்குப் போட்டபோது இந்தப் பெட்டியை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டார். நான் கோவையில் பம்பு டிசைன் செய்கிறேன், பதினோரு வருஷமாக இன்வென்டர் என்கிற டிசைன் சாஃப்ட்வேரில்தான் பிழைப்பு. "நீதான் கம்ப்யூட்டர்ல மெஷின் வரையறவனாச்சே, இத வரைஞ்சு ஓட்டிக் காட்டு பாப்போம்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் ஆனது.

முதலில் அது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஃபிலிம் ரோல் நிற்காமல் ஓடினால் திரையில் கலங்கல்தான் தெரியும். ஒவ்வொரு படமும் லென்ஸுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும், விளக்கொளி அதன் வழியாகப் போக வேண்டும், அப்புறம் வெளிச்சத்தை மறைத்துவிட்டு அடுத்த படத்தை இழுத்து அங்கே நிறுத்த வேண்டும். இதை நொடிக்கு 24 தடவை செய்ய வேண்டும். மோட்டார் சீராகச் சுற்றும், ஃபிலிம் நின்று நின்று போக வேண்டும், நடுவில் இதை மாற்றிக் கொடுப்பதுதான் அந்த இரும்புப் பெட்டி. உள்ளே இரண்டே உருப்படி. ஒன்று, விளிம்பில் ஒரு பின், அதாவது சின்ன முளை, வைத்த கிராங்க் வட்டு. இன்னொன்று, நாலு பக்கமும் ஸ்லாட், அதாவது நீளவாக்கில் பிளவு, வெட்டிய சிலுவை மாதிரியான சக்கரம். வட்டு ஒரு முழுச் சுற்று வரும்போது பின் ஒரு ஸ்லாட்டுக்குள் நுழைந்து, சிலுவையை 90 டிகிரி தள்ளிவிட்டு, வெளியே வந்துவிடும். மிச்சம் முக்கால் சுற்றுக்கு சிலுவை சும்மா நிற்கும்.

இதற்கு ஜெனீவா மெக்கானிசம் என்று பெயர். சுவிஸ் கடிகாரக்காரர்கள் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் முறுக்கிவிடாமல் தடுக்க இந்த ஏற்பாட்டை வைத்தார்களாம், அதில் ஒரு ஸ்லாட்டை மட்டும் மூடி வைத்துவிடுவார்கள், அத்தனை சுற்றுக்கு மேல் சாவி போகாது. உருவத்தை வைத்து மால்டீஸ் கிராஸ் என்றும் சொல்வார்கள். மாமாவுக்கு அது வெறும் சிலுவை.

சரி, வேலைக்கு வருவோம். அசெம்பிளியில், அதாவது வரைந்த பாகங்களை ஒன்றாகக் கோக்கிற இடத்தில், பார்ட்டை இழுத்துப் போட்டதும் அது அந்தரத்தில் மிதக்கும். முன்னே பின்னே, இடது வலது, மேலே கீழே என்று மூன்று நகர்வு, மூன்று அச்சிலும் சுழற்சி, ஆக மொத்தம் ஆறு சுதந்திரம். கன்ஸ்ட்ரெயின்ட் கொடுப்பது என்றால் இந்த ஆறில் எதை எதைப் பிடுங்குவது என்று சொல்வதுதான். ஒரு தட்டையான முகத்தை இன்னொரு முகத்தோடு ஒட்ட வைத்தால் மூன்று போய்விடும், மேஜை மேல் வைத்த பத்து ரூபாய் நாணயம் மாதிரி, நகரும், திரும்பும், ஆனால் எழும்பாது, சாயாது. ஓட்டையின் அச்சையும் ஷாஃப்டின் அச்சையும் ஒன்றாக்கினால் நாலு போகும், சுற்றலும் உள்ளே வெளியே நகர்வதும் மட்டும் மிச்சம். இன்சர்ட் என்பது இரண்டையும் சேர்த்துச் செய்வது, ஐந்து போய் சுற்றல் மட்டும் நிற்கும். எங்கள் ஆபீசில் இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, எல்லாவற்றுக்கும் "மேட் போட்டுடு" என்று ஒரே வார்த்தைதான். பாதிப் பிரச்சினை அந்த ஒரே வார்த்தையில் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பெட்டியை கிரவுண்ட் செய்தேன், அதாவது அசையாதபடி நிறுத்தினேன். சிலுவை ஷாஃப்ட்டை எடுத்து, பெட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் ஷாஃப்ட் உட்கார இருக்கும் வளையத்தில், அதாவது புஷ்ஷில், ஆளுக்கொரு இன்சர்ட் கொடுத்தேன். முதல் பக்கம் டக்கென்று உட்கார்ந்தது. இரண்டாவது பக்கம் கொடுத்தவுடன் எச்சரிக்கைக் குறி. அரை மணி நேரம் முறைத்துப் பார்த்தபின்தான் தெரிந்தது, ஷாஃப்டில் இரண்டு தோள்களுக்கு (தடிமன் மாறுகிற படிகளுக்கு) நடுவே நான் வரைந்த தூரமும் புஷ் முகங்களுக்கு நடுவே இருந்த தூரமும் 0.3 மி.மீ. ஒத்துப்போகவில்லை. தோள் இங்கேயும் ஒட்ட வேண்டும், அங்கேயும் ஒட்ட வேண்டும் என்றால் அது எப்படி முடியும்?

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், பம்பில் நான் தினமும் செய்கிற வேலை இது. பம்பு ஷாஃப்டில் ஒரு பேரிங்கைத்தான் பூட்டி வைப்போம், இன்னொரு பேரிங்கை அச்சோடு நகர விட்டிருப்போம், ஏனென்றால் சூடேறினால் ஷாஃப்ட் நீளும், இரண்டு பக்கமும் பூட்டினால் பேரிங் காலி. இது தெரிந்தவன் கம்ப்யூட்டரில் மட்டும் இரண்டு பக்கமும் பூட்டுகிறேன். ஒரு பக்கம் இன்சர்ட்டை அழித்துவிட்டு அச்சுக்கு அச்சு மட்டும் கொடுத்தேன், தீர்ந்தது. அன்றைக்கு ஒரு துண்டுத்தாளில் "நிஜத்தில் இதைப் பிடித்திருப்பது எது?" என்று எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன். இப்போதும் இருக்கிறது, ஓரம் மடங்கிப்போய்.

இங்கே ஒரு சின்ன விலகல், கணக்குப் பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். அச்சுக்கு அச்சு மட்டும் கொடுத்தால்கூட கணக்குப்படி அது அதிகப்படிதான். ஒரு பக்கம் ஐந்து, மறு பக்கம் நாலு, ஒன்பதைப் பிடுங்கிவிட்டோம், இருந்ததே ஆறு. ஆனாலும் ஷாஃப்ட் சுற்றுகிறது. வீட்டுக் கதவும் அப்படித்தான். ஒரு கீல் ஐந்தைப் பிடிக்கிறது, இரண்டு கீல் பத்தைப் பிடிக்க வேண்டும், கதவு அசையவே கூடாது. அசைகிறது, ஏனென்றால் இரண்டு கீலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன, இரண்டாவது கீல் சொல்வதை முதல் கீல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. கோடு கொஞ்சம் தவறினால் என்ன ஆகும் என்று எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார், கதவு முனகும், அப்புறம் கீல் ஆணியைப் பிடுங்கும். நாலு கம்பியைப் பின் வைத்துக் கோத்த நாற்கம்பி இணைப்பை இதே கணக்கில் போட்டால் இன்னும் வேடிக்கை. ஒரு கம்பி நிலையானது, மற்ற மூன்றுக்கும் சேர்த்து 18 சுதந்திரம், நாலு மூட்டும் ஆளுக்கு ஐந்தாக 20 பிடுங்குகிறது, மிச்சம் மைனஸ் 2. ஆனால் சைக்கிளில் தொடங்கி ஜேசிபி வரைக்கும் அது ஜம்மென்று ஆடுகிறது. பின் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் வரும் சலுகை அது. இத்தனை கட்டுப்பாடு தேவைக்கு அதிகம் என்று சாஃப்ட்வேர் சொல்லும்போது அது பொய் சொல்லவில்லை. உன் பாகங்கள் துல்லியமாக இருந்தால்தான் இது ஓடும் என்று சொல்கிறது. நம் ஆட்கள் அந்த எச்சரிக்கையைத்தான் முதல் வேலையாக அணைத்து வைப்பார்கள்.

ஷாஃப்ட் இரண்டும் உட்கார்ந்தன. அடுத்தது பின்னும் ஸ்லாட்டும்.

வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்ததில் வட்டின் மையத்திலிருந்து பின் மையம் 14 மி.மீ., பின் விட்டம் 4 மி.மீ., இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுவே மையத்துக்கு மையம் 20 மி.மீ. என்று வந்தது. 20 முழு எண்ணாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. அப்படியே வரைந்தேன். வட்டைத் திருப்பி பின்னை ஸ்லாட் வாயருகே கொண்டு வந்தால், பின் நுழையவில்லை. ஸ்லாட் சுவரின் மூலையில் இடித்துக்கொண்டு நின்றது. ஸ்லாட்டைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் நுழையும் என்று கை பரபரத்தது, நல்லவேளை தாளைப் பார்த்தேன்.

பின் நுழையும் நொடியை யோசித்துப் பாருங்கள். அது ஸ்லாட்டின் நீளவாக்கில், சுவரைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் சிலுவை அதிர்ச்சி இல்லாமல் பூஜ்ய வேகத்திலிருந்து கிளம்பும். அதற்கு அந்த நொடியில் கிராங்கும் (வட்டின் மையத்திலிருந்து பின்னுக்குப் போகிற கோடு) ஸ்லாட்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். நாலு ஸ்லாட் என்றால் ஸ்லாட் அப்போது 45 டிகிரியில் நிற்கும், கிராங்கும் 45 டிகிரியில் நிற்கும், இரண்டு ஷாஃப்ட்டும் பின்னும் சேர்ந்து ஒரு இருசமபக்கச் செங்கோண முக்கோணம். ஆகவே மையத் தூரம் கிராங்க் நீளத்தைப் போல 1.414 மடங்கு, 14 என்றால் 19.8. சிலுவையின் வெளி ஆரமும் அதே 14. நான் போட்ட 20-ல் கிராங்க் மையத்திலிருந்து ஸ்லாட்டின் நடுக்கோட்டுக்கு உள்ள தூரம் 14.14 மி.மீ., பின்னோ 14-ல் சுற்றுகிறது. 0.14 மி.மீ. குறைச்சல். எத்தனை யுகம் சுற்றினாலும் பின் அந்தக் கோட்டைத் தொடாது. மறுபடி போய் அளந்து பார்த்தால், ஷாஃப்டுகளின் வெளி விளிம்பை அளந்து பாதி விட்டங்களைக் கழித்ததில் ஒரு ஷாஃப்டின் விட்டத்தைத் தப்பாகக் குறித்திருக்கிறேன். வெர்னியர் நல்ல கருவிதான், எழுதிக்கொள்கிற கை என்னுடையது.

19.8 போட்டதும் பின் வாசலுக்கு நேராக வந்து நின்றது. இனி என்ன, பின்னின் அச்சை ஸ்லாட்டின் நடுத் தளத்தோடு மேட் போட்டேன், வட்டை மவுசால் பிடித்து இழுத்தேன். பின் ஸ்லாட்டுக்குள் போனது, சிலுவை அழகாகத் திரும்பியது, 90 டிகிரி, பின் வாய்க்கு வந்தது, வெளியேறியது. எனக்கு ஒரே சந்தோஷம். இழுத்துக்கொண்டே இருந்தேன். வெளியேறிய பிறகு சிலுவை நிற்க வேண்டும் இல்லையா? நிற்கவில்லை. மெதுவாகப் பின்னால் திரும்ப ஆரம்பித்தது. வட்டு முக்கால் சுற்று வருவதற்குள் சிலுவை போன 90 டிகிரியும் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது. மறுபடி சடக், முன்னே. மறுபடி மெல்ல, பின்னே.

கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம் இந்த ஆட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது, டிப்ளமோ வொர்க்‌ஷாப் ஞாபகம் வந்தது. ஷேப்பர் மெஷின்! உளி மெதுவாக இரும்பைச் செதுக்கிக்கொண்டு முன்னே போகும், வெட்டாமல் சும்மா திரும்பும்போது விருட்டென்று வரும், ஏனென்றால் உள்ளே ஒரு கிராங்க் பின் நீளமான ஸ்லாட் வெட்டிய நெம்புகோலுக்குள் எப்போதும் மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் செய்திருப்பது அதே. 270 டிகிரிக்கு மெதுவாக ஒரு பக்கம், 90 டிகிரியில் வேகமாக மறுபக்கம், மூன்றுக்கு ஒன்று. சிலுவையைக் கேட்டேன், ஷேப்பர் கிடைத்தது.

தப்பு சாஃப்ட்வேரில் இல்லை. நான் சொன்னது "பின் இந்தத் தளத்தின் மேல் இருக்கும்" என்று. எப்போது என்று சொல்லவில்லை, சொல்லவும் அதில் வழி இல்லை. கன்ஸ்ட்ரெயின்ட் என்பது ஒரு சமன்பாடு, போட்ட நொடியிலிருந்து அழிக்கிற வரைக்கும் அது உண்மையாக இருந்தே ஆக வேண்டும். ஸ்லாட் 10 மி.மீ. சொச்ச நீளத்தில் முடிந்துவிடுகிறது என்பதும் அதற்குத் தெரியாது, அதன் பார்வையில் தளம் என்றால் முடிவில்லாத தளம். இந்தப் பெட்டியில் பின் ஸ்லாட்டைப் பிடித்திருப்பது கால் பங்கு நேரம்தான், மிச்ச நேரம் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. துண்டுத்தாளில் "எது?" என்று எழுதியிருந்த இடத்தில் "எப்போது?" என்றும் சேர்த்து எழுதினேன்.

1963-ல் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் ஸ்கெட்ச்பேட் என்று ஒரு புரோகிராம் எழுதி, ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த கோடுகளுக்குக் கட்டுப்பாடு கொடுத்து, கம்பி இணைப்புகளை அசைத்தே காட்டியிருக்கிறார். சும்மா கோட்டை வரைந்து வைக்காமல் கோடுகளுக்குள் உறவைச் சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளட்டும் என்கிற யோசனை அங்கேயே இருக்கிறது. அறுபது வருஷம் கழித்து நான் இன்வென்டரில் செய்வதும் அடிப்படையில் அதுதான், நிழலும் பளபளப்பும் கூடியிருக்கிறது, அவ்வளவே.

மேட்டை அழித்துவிட்டு கான்டாக்ட் வழிக்குப் போனேன். எந்தெந்தப் பார்ட் ஒன்றையொன்று ஊடுருவக் கூடாது என்று குறித்துவிட்டு கான்டாக்ட் சால்வரை முடுக்கிவிட்டால், நிஜம் மாதிரியே இடித்துத் தள்ளும். வட்டுக்கு ஒரு ஆங்கிள் கன்ஸ்ட்ரெயின்ட் கொடுத்து, அதை டிரைவ் போட்டு 0-விலிருந்து 360 வரைக்கும் ஓட விட்டேன். ஒரு அடிக்கு, அதாவது ஒவ்வொரு தாவலுக்கும், 5 டிகிரி என்று வைத்திருந்தேன். பின் ஸ்லாட் சுவரைப் பேய் மாதிரி ஊடுருவி அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு நிலைகளுக்கு நடுவே நடந்ததை அது பார்க்கவே இல்லை, கரண்ட் போய் வந்த இடைவெளியில் பூனை பாலைக் குடித்த கதை. அடியை 1 டிகிரியாகக் குறைத்ததும் சரியாகத் தள்ளியது. என் பழைய லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி சத்தம் போட்டது, ஆனாலும் ஓடியது. கால் சுற்று, நிற்றல். கால் சுற்று, நிற்றல். வீடியோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன்.

ஐந்து நிமிஷத்தில் போன். "நல்லாத்தான் இருக்கு. பெறை எங்கடா?"

"எந்தப் பிறை மாமா?"

"அந்த வட்டு மேல ஒரு பெறை வெட்டு இருக்குமே, சிலுவை அதுலதான உக்காந்திருக்கும். அது இல்லாம எப்படி நிக்குது உன்னுது?"

எனக்குச் சுருக்கென்றது. கிராங்க் வட்டின் நடுவே உயர்ந்த ஒரு வட்டத் தட்டு உண்டு, பின் இருக்கிற பக்கம் மட்டும் அதைப் பிறை வடிவில் வெட்டி எடுத்திருப்பார்கள். சிலுவையின் நாலு கைகளின் நுனியும் அதே வளைவுக்குக் குழிவாக இருக்கும். பின் வெளியேறியதும் அந்த வட்டத் தட்டு சிலுவையின் குழிவில் வந்து உட்கார்ந்து, வட்டு சுற்றச் சுற்ற வழுக்கிக்கொண்டே சிலுவையை அசையாமல் பிடித்திருக்கும். பின் மறுபடி நுழையும்போது பிறை வெட்டு எதிரே வந்து சிலுவைக் கைக்குத் திரும்ப இடம் விடும். முதல் மாடலுக்கு எதற்கு இந்தச் சிக்கல் என்று நான் இரண்டையும் வரையாமல் விட்டிருந்தேன், அப்புறம் மறந்தே போனேன். மறந்தது எனக்கு உறுத்தவும் இல்லை, ஏனென்றால் திரையில் சிலுவை சரியாக நின்றது.

அது ஏன் நின்றது? திரையில் எதற்கும் எடை இல்லை, ஓட்டம் இல்லை. தள்ளுவதற்கு ஆள் இல்லாவிட்டால் இருந்த இடத்தில் இருக்கும். நிஜத்தில் வட்டு நொடிக்கு 24 சுற்று, நிமிஷத்துக்கு 1,440. பின் ஸ்லாட்டின் அடி வரைக்கும் போகிற நடு நொடியில் சிலுவை வட்டைப் போல 2.414 மடங்கு வேகத்தில் திரும்பும், அந்த நொடிக்கு மட்டும் பார்த்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,476 சுற்று என்கிற வேகம். ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் 41.7 மில்லி நொடி, அதில் கால் பங்கில், பத்து மில்லி நொடி சொச்சத்தில், நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்துக்கு ஏறி மறுபடி பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கிய பிறகும் ஃபிலிமின் இழுவையோ அதிர்வோ ஒரு இம்மி அசைத்தால் திரையில் படம் குதிக்கும். முப்பது வருஷம் அந்தக் குதிப்பைத் திரையில் பார்த்துப் பார்த்துத் திட்டு வாங்கிய மனிதர், என் வீடியோவில் ஒரு பார்வையிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் அளந்தது பெட்டியை, அவருக்குத் தெரிந்தது அதன் குணம்.

பிறையையும் குழிவையும் வரைந்தேன். இப்போது கான்டாக்ட் சால்வருக்கு இரண்டு மடங்கு வேலை, சுற்றுக்கு முக்கால் பங்கு நேரம் இரண்டு வளைவு உரசிக்கொண்டே இருக்கிறது, லேப்டாப் திணறியது. அப்போதுதான் வேறு வழி தோன்றியது. சிலுவை எந்தக் கோணத்தில் இருக்கும் என்பது எனக்குத்தான் தெரியுமே? முக்கோணக் கணக்குதானே? சிலுவைக்கும் ஒரு ஆங்கிள் கன்ஸ்ட்ரெயின்ட் கொடுத்துவிட்டு, அதன் மதிப்பாக எண்ணைப் போடாமல் வட்டின் கோணத்தை வைத்து ஒரு சூத்திரத்தைப் போட்டேன்:

ஏடேன்( சைன்(அ) / (1.4142 − காஸ்(அ)) )

வட்டின் பின் சிலுவையைப் பார்த்து நேராக நிற்கும்போது அ என்பது 0. மைனஸ் 45-லிருந்து பிளஸ் 45 வரைக்கும் இது சிலுவையை மைனஸ் 45-லிருந்து பிளஸ் 45-க்குக் கொண்டு போகும், அச்சு அசலாக. ஆனால் அதற்கு வெளியே போனால் மறுபடி ஷேப்பர் ஆகிவிடும், அதே சமன்பாடுதானே. பாராமீட்டர் பெட்டியில் "இப்படி இருந்தால் அப்படி" என்று எழுத வழி தேடி அலைந்துவிட்டு, கடைசியில் மேக்ஸ், மின் இரண்டையும் வைத்து ஒப்பேற்றினேன். அ என்பது வட்டின் நிஜக் கோணமாக இல்லாமல், 45-க்கு மேல் போனால் 45-லும், மைனஸ் 45-க்குக் கீழே போனால் மைனஸ் 45-லும் அடைத்து வைத்த கோணம். அவ்வளவுதான், "எப்போது?" என்கிற கேள்விக்கு அந்த ஒரு வரி பதில் சொல்லிவிட்டது. வட்டை மைனஸ் 180-லிருந்து 180 வரைக்கும் டிரைவ் செய்தால் சிலுவை நிற்கிறது, சடக்கென்று திரும்புகிறது, நிற்கிறது. லேப்டாப் ஃபேன் சத்தமே இல்லை. பிறையும் குழிவும் சும்மா கூடவே போகின்றன, ஊடுருவல் இருக்கிறதா என்று மட்டும் நடுநடுவே நிறுத்திச் சோதித்துக்கொண்டேன்.

இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது என்று எனக்கே தெரியும். கான்டாக்ட் வழியில் பின் தள்ளினால்தான் சிலுவை திரும்பும், பின்னைத் தப்பாக வரைந்தால் ஓடாது, 0.14 மி.மீ. தவறைக் காட்டிக்கொடுக்கும். சூத்திர வழியில் பின்னையே அழித்துவிட்டாலும் சிலுவை ஜோராகத் திரும்பும். பொம்மலாட்டம் மாதிரி. ஆகவே முதலில் கான்டாக்டில் ஓட்டி டிசைன் சரியா என்று பார்த்துவிட்டு, ஊருக்குக் காட்டுவதற்கு சூத்திரத்தை வைப்பது என் பழக்கம் ஆகிவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிற வழவழப்பான அனிமேஷன்களில் முக்கால்வாசி இந்தப் பொம்மலாட்டம்தான் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

டிரைவ் போடும்போது இன்னொரு தொல்லை, புதியவர்கள் எல்லோரும் இதில் விழுந்திருப்பார்கள். ஆங்கிள் கன்ஸ்ட்ரெயின்ட் 180-ஐத் தாண்டும்போது திடீரென்று எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்துவிடும், இரண்டு முகங்களுக்கு நடுவே 170 டிகிரி என்றால் எந்தப் பக்கத்து 170 என்று அதற்குச் சந்தேகம். இன்வென்டரில் எக்ஸ்ப்ளிசிட் ரெஃபரன்ஸ் வெக்டர் என்று ஒரு தேர்வு இருப்பது இதற்குத்தான், அச்சு எது என்று மூன்றாவதாகச் சொல்லிவிட்டால் குழம்பாது. பிஸ்டன், கிராங்க், கனெக்டிங் ராடு வரைகிறவர்களுக்கு இதன் அண்ணன் தம்பி ஒன்று வரும், ராடும் கிராங்கும் ஒரே கோட்டில் வந்ததும் அடுத்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குதிக்கும். கால்மெஷினில் தைக்கிற டெய்லரைப் பாருங்கள், மிதிக்க ஆரம்பிக்கும் முன் வலது கையால் சக்கரத்தை முன்னால் ஒரு தட்டுத் தட்டிவிடுவார். மிதி அந்த முட்டுப் புள்ளியில் நின்றிருந்தால் சக்கரம் பின்பக்கம் சுற்றி நூலை அறுத்துவிடும். சால்வருக்கும் அந்தத் தட்டு வேண்டும், சரியாக 0-வில் தொடங்காமல் 2 டிகிரியில் தொடங்குங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

இன்வென்டருக்குக் காசு இல்லை, இதையெல்லாம் எதில் பழகுவது என்று தம்பிகள் கேட்பார்கள். காசில்லாமல் கிடைக்கிற ஃப்ரீகேட் இருக்கிறது. அதன் 1.0 வந்தது 2024 நவம்பரில், அதிலிருந்து அசெம்பிளி அதனுள்ளேயே இருக்கிறது, முன்பு மாதிரி தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டாம். அதில் மூட்டாகவே கொடுக்கலாம், சுழல் மூட்டு, வழுக்கு மூட்டு என்று, முகத்துக்கு முகம் யோசிப்பதைவிட எனக்கு அது பிடித்திருக்கிறது, "இது சுற்றும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். முதல் பழக்கத்துக்கு ஒரு கதவும் இரண்டு கீலும் போதும்.

போன ஞாயிறு மாமா நேரில் வந்தார். பிறையோடு ஓடுகிற மாடலைக் காட்டினேன். சிலுவை ஷாஃப்டின் வெளி முனையில் பல் சக்கரத்தையும் வரைந்து வைத்திருந்தேன். 16 பல், கால் சுற்றுக்கு நாலு பல், ஃபிலிமில் ஒரு படத்துக்கு ஓரத்தில் நாலு ஓட்டை, ஆக ஒரு சடக்குக்கு ஒரு படம், 19 மி.மீ. சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 24 மி.மீ. வருவதும் இந்தக் கணக்கில்தான் என்று பெருமையாக விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மவுசைக் கையில் வாங்கி, டிரைவ் பட்டனை அவரே அழுத்தி, நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தார். மெதுவாக ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். பின் நுழைகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன்.

"எல்லாஞ் சரி" என்றார். "ஃபிலிமு?"

ஃபிலிம் வளையும் மாமா, வளைகிற பொருளுக்கு இதில் கன்ஸ்ட்ரெயின்ட் கொடுக்க முடியாது, இது எல்லாவற்றையும் கல் மாதிரி நினைக்கிற சமாச்சாரம் என்று இழுத்தேன். அவர் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. விரலால் என் மானிட்டர் மேலேயே வரைந்து காட்டினார், சிலுவைக்கு மேலே ஒரு தொளதொள வளையம், கீழே ஒரு தொளதொள வளையம். மேலே ரோல் நிற்காமல் வருகிறது, நடுவில் நின்று நின்று போகிறது, அந்த வளையம் இல்லாவிட்டால் சடக்கென்று இழுக்கும்போது ஃபிலிம் அறுந்து போகும், வளையம் சின்னதாகிப் போனால் படம் ஆடும், புதுப் பையன்கள் எல்லாம் முதலில் தப்பு விடுகிற இடம் அதுதானாம்.

திரையில் இப்போது எண்ணெய்க் கை ரேகையில் இரண்டு வளையம் இருக்கிறது. பெட்டி இன்னும் மேஜை மேல்தான், லுங்கியோடு.